முகப்பூச்சும் முதுமையும்

நம் முன்னோர் மேனியைப் பேணிய முறை எளியது. ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கு நாட்கள். நல்லெண்ணெய், சீயக்காய், பயற்றமாவு, மஞ்சள் இவையே சாதனங்கள். இவை திரையை நீக்கினவல்ல; ஆயினும் எவரையும் கொன்றனவுமல்ல.

மேனாட்டுச் சரித்திரமோ வேறு. பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கிலச் சீமாட்டிகள் ஈயத்தினின்று செய்த வெண்பூச்சை முகத்தில் அணிந்தனர். அது நஞ்சு. பேரழகியெனப் புகழ்பெற்ற கவென்ட்ரி சீமாட்டி மேரியா கன்னிங், முப்பது வயது நிரம்புமுன்னரே 1760ஆம் ஆண்டில் மாண்டார். அப்பூச்சே காரணமென்பர்.

ஈயம் போயிற்று, பாதரசம் வந்தது. நிறத்தை வெளுப்பிக்கும் களிம்புகள் சிலவற்றிற் கலந்துள்ள அது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையால் உலக நாடுகள் பாதரசத்தைக் கட்டுப்படுத்த இசைந்தன. இருந்தும் அத்தகைய களிம்புகளின் கள்ள விற்பனை ஒழிந்தபாடில்லை. சுருக்கத்தை மறைக்கும் போடாக்ஸ் ஊசிக்கு அமெரிக்க அரசாங்கம் 2002இல் அனுமதி அளித்தது. அதன் பயனோ சில மாதங்களே.

பிறரைக் குறை கூறுவானேன்? பெண் பார்க்கச் செல்லும் நாமே முதலில் நிறத்தையன்றோ வினவுகிறோம்! அவ்வினா ஒழியுமட்டும் அக்களிம்பு நம் இல்லங்களை விட்டு அகலாது. கடும் வெயிலில் குடை பிடிப்போம், புகையிலையை விடுப்போம், நரை திரையை நாணாது ஏற்போம். நம் பாட்டிமார் முகத்துச் சுருக்கங்களை நாம் ஒருபோதும் குறையாகக் கண்டதில்லையே.