மன்றோ என்னும் ஒரு பெயர்

பல்வேறு ஊரினரான நம்மை வடபுலத்தார் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்குவதைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. ஆனால், வெள்ளைக்காரத் துரைமார் திறத்தில் நாமும் அவ்வாறே செய்கிறோம். 'மன்றோ துரை' என்றால் ஒருவர் என்றே எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தில் தோன்றிய அக்குடிப்பெயரைத் தாங்கியோர் பலர்.

1764இல் பக்சார்ப் போரை வென்றவர் ஹெக்டர் மன்றோ. 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடையே சிக்கிய பெய்லியைக் காக்க இயலாமல், காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளை எறிந்துவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் அவரே.

அதே ஆண்டில் படைப்பணிக்காகச் சென்னை வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. பாரமகாலில் நிலவரிப் பணி பயின்ற இவர், குடியானவர் இடையீட்டாளரின்றி அரசுக்கு நேரே வரி செலுத்தும் இரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். 1817இல், பாலக்காட்டை உள்ளடக்கிய மலபாரின் நிர்வாகத்தை ஆராய்ந்தார். 1820இல் சென்னை ஆளுநரானார். 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார்.

இவர் காலத்தவரான கர்னல் ஜான் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்தவர்; 1811 முதல் 1814 வரை திவானாகவும் ஆட்சி நடத்தினார். கொல்லத்தை அடுத்த மன்றோத்துருத்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைகளோடு தொடர்புடையவர் ஜான் டேனியல் மன்றோ. ஏலமலைக் கண்காணிப்பாளரான இவர், 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஏறத்தாழ 227 சதுர மைல் மலைநிலத்தைப் பெற்றார். அதற்குத் தந்தது ரூ. 5,000, ஆண்டுக் குத்தகை ரூ. 3,000. அம்மலைக்குக் கண்ணன் தேவன் என்ற பெயர், அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரால் வந்தது என்பர்.

அங்கே காடு திருத்தித் தேயிலை வளர்த்தோருள் பெரும்பாலோர் போடி வழியே மலையேறிய தமிழர். 1971இல் கேரள அரசு சட்டமியற்றி அந்நிலங்களை மீட்டபோதும், தேயிலை விளைந்த பகுதி கம்பெனியிடமே விடப்பட்டது. தொழிலாளர் லயங்களிலேயே தங்கினர். பணி ஓய்ந்தால் அவ்வீட்டையும் விட வேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரை இழந்தோம்.

ஒரு மன்றோ குடியானவர் பெயரை வரிக்கணக்கில் ஏற்றினார். மற்றொரு மன்றோ ஒரு மலைநாட்டையே தம் பெயரில் எழுதிக்கொண்டார். குடிப்பெயர் ஒன்றாயினும் வினை வேறு. அவ்வினையின் பயனை இன்றும் சுமந்து நிற்போர் நம் உறவினரே. ஆதலின், துரைமாரின் பெயர்களைப் பிரித்தறிவதோடு நில்லாமல், எப்பத்திரத்திலும் ஏறாத அத்தொழிலாளரின் பெயர்களையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.