'நிரந்தர' என்னும் அடைமொழி: திறைசேரிச் செயலாளர் பதவியும் அரசியல் நியமனமும்

1972ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி இலங்கை குடியரசாகியபோது நாட்டின் பெயர் மாறியதை அனைவரும் அறிவர். அதே காலத்தில் அமைச்சுக்களின் தலைமை உத்தியோகத்தரது பதவிப் பெயரிலிருந்து ஓர் அடைமொழி நீங்கியதைக் கவனித்தோர் சிலரேயாவர். அதுவரை 'நிரந்தரச் செயலாளர்' என அழைக்கப்பட்டவர் பின்னர் 'செயலாளர்' என்று மட்டும் அழைக்கப்படலாயினர். பெயர்ப் பலகையில் ஒரு சொல் குறைந்தது. ஏனைய அமைச்சுக்களைப் பொறுத்தவரை அம்மாற்றத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்றுகூடக் கூறலாம். ஆனால் நிதியமைச்சைப் பொறுத்தவரை அவ்வாறு கூறிவிட்டு நகர்ந்துவிட முடியாது. திறைசேரியின் உயர் பதவி யாரால், எவ்வாறு நிரப்பப்பட்டு வந்துள்ளது என்பதையும், அதனால் நாட்டுக்கு நேர்ந்தது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இப்பதவியின் இயல்பினை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பொது நிதியின் மீதான பூரண கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என அரசியலமைப்பு கூறுகின்றது. திரட்டு நிதியத்திலிருந்து பணத்தை மீளப்பெற நிதியமைச்சரின் கையொப்பமிட்ட ஆணை தேவை. இவ்விரண்டுக்கும் நடுவே, சட்டப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத ஒரு நிலை உண்டு. எல்லா அமைச்சுக்களும் தத்தம் செலவு மதிப்பீடுகளைத் திறைசேரிக்கே அனுப்புகின்றன. கேட்கப்படும் தொகை எக்காலத்திலும் கையிலிருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே திறைசேரிச் செயலாளரின் அன்றாடப் பணியிற் பெரும்பகுதி 'இல்லை' என்று சொல்வதேயாகும். 1949ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அவரை மத்திய வங்கியின் நாணயச் சபையிலும் பதவி வழி உறுப்பினராக்கியது. தொடக்கத்தில் அச்சபையில் இருந்தவர் மூவரே. அம்மூவருள் நிதியமைச்சின் செயலாளரும் ஒருவர். செலவழிக்கும் அரசாங்கத்தின் கணக்கையும் பணத்தை வெளியிடும் வங்கியின் தீர்மானத்தையும் ஒருங்கே தொட்டு நின்ற பதவி இது.

குடியேற்றக் காலத்தில் இந்த 'இல்லை'யைச் சொன்னவர் மக்களுக்குப் பதில் கூறக் கடமைப்படாதவர். 1931இன் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் ஏழு மந்திரிகள் அரசாங்க சபையின் நிர்வாகக் குழுக்களிலிருந்து தெரிவாகினர். ஆயினும் நிதி அவர்கள் கைக்கு வரவில்லை. பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய மூன்று அரச உத்தியோகத்தர்களும் மந்திரிகளோடு ஒரே சபையில் அமர்ந்தனர். அவர்கள் பேசலாம், வாக்களிக்க இயலாது. வாக்கில்லாத நிதிச் செயலாளரே திறைசேரியை ஆண்டார். பொறுப்பு எமக்கு, பணப்பெட்டியின் திறப்பு அவர்க்கா என்று மந்திரிகள் குமுறியதில் வியப்பில்லை. அம்முறைமையைத் 'திறமை அடிப்படையிலான நடுநிலைச் சேவை' எனப் போற்றுவோர் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்க்கையை நினைவுகூர்தல் நன்று. 1875இல் இலண்டனில் நடந்த போட்டிப் பரீட்சையினூடாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. அத்தகைய ஒருவர்க்கும் சேவையின் உச்சிப் பதவிகள் எட்டவில்லை. அவை ஐரோப்பியர்க்கே ஒதுங்கிக் கிடந்தன. ஆகவே எமது நாட்டில் 'அரசியல் கலவாத' நியமனம் என்று ஒரு பொற்காலம் இருந்ததாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1947இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா முதலாவது நிதியமைச்சரானார். சோல்பரி அரசியலமைப்பு ஒவ்வோர் அமைச்சுக்கும் ஒரு நிரந்தரச் செயலாளரை வகுத்தது. அவரை நியமித்தவர் மகாதேசாதிபதி. மகாதேசாதிபதியோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். எனவே அன்றும் நியமனம் அரசியற் கை படாததன்று. ஆனால் நியமிக்கப்பட்டவர்கள் வழக்கப்படி சிவில் சேவையில் வளர்ந்தவர்களாயிருந்தனர். அச்சேவையினரின் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றை அரசாங்க சேவை ஆணைக்குழு வைத்திருந்தது. அமைச்சரோடு முரண்பட்டவர் ஓர் அறையை இழக்கலாம், வாழ்க்கையை இழக்கமாட்டார். அறுபதுகளில் திறைசேரியை நடத்திய ஷேர்லி அமரசிங்க, எம். இராஜேந்திரா போன்றோர் இம்மரபிலிருந்து வந்தவர்களாவர்.

இம்மரபை அரசியல்வாதிகள் ஏன் வெறுத்தனர் என்பதையும் நியாயமாக நோக்கவேண்டும். 1953ஆம் ஆண்டு ஜூலையில் அரிசி மானியச் சுமையைக் குறைக்கும் பொருட்டுக் கூப்பன் அரிசியின் விலை கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாகின, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலகினார். கணக்குப் புத்தகத்தில் சரியாயிருந்த ஒரு முடிவுக்கு விலை கொடுத்தவர் பிரதமரும் தெருவில் நின்ற மக்களுமேயன்றி, திறைசேரியில் எவரும் பதவி இழக்கவில்லை. மக்கள் வாக்குப் பெற்று வந்த அரசாங்கத்தின் கையை வாக்குப் பெறாத உத்தியோகத்தர் பிடித்து நிறுத்தலாமா என்ற வினா இத்தகைய அனுபவங்களினின்றும் எழுந்தது. அவ்வினா இன்றும் உயிருள்ள வினாவே.

1963 மே 1ஆம் திகதி இலங்கைச் சிவில் சேவை கலைக்கப்பட்டு நிர்வாக சேவை உருவாக்கப்பட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி மேலும் ஒருபடி சென்றது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு அரச உத்தியோகத்தரின் நியமனத்தையும் நீக்கத்தையும் அமைச்சரவையிடமே ஒப்படைத்தது. ஆணைக்குழுவின் இடத்தில் ஓர் ஆலோசனைச் சபையும் ஓர் ஒழுக்காற்றுச் சபையும் வைக்கப்பட்டன. இவ்விடயங்களை நீதிமன்றங்கள் விசாரிப்பதும் தடுக்கப்பட்டது. அமைச்சரவை தேசிய அரசுப் பேரவைக்குப் பதில் கூறுகின்றது, பேரவை மக்களுக்குப் பதில் கூறுகின்றது, ஆதலால் எல்லாம் மக்கள் கையிலேயே உள்ளது என்பதே அதன் தர்க்கம். கேட்பதற்கு இனிமையான தர்க்கந்தான்.

1978இன் அரசியலமைப்பு அத்தர்க்கத்தை ஜனாதிபதியிடம் கொண்டுசென்று நிறுத்தியது. 52ஆம் உறுப்புரையின்படி ஒவ்வோர் அமைச்சின் செயலாளரையும் ஜனாதிபதி நியமிக்கின்றார். அமைச்சரவை கலையுமாயின் செயலாளரும் பதவியிழக்கின்றார். முன்னர் அரச சேவையில் இருந்தவராயின் அவரது சேவை இடையறாது தொடர்ந்ததாகக் கொள்ளப்படும் என்ற ஏற்பாடு உண்டு. எனினும் அடிப்படை மாறிவிட்டது. அரசாங்கங்கள் மாறினும் தான் மாறாதிருப்பவர் என்பதே 'நிரந்தர' என்னும் சொல்லின் பொருளாயிருந்தது; 52ஆம் உறுப்புரை அதனை நேர் எதிராகத் திருப்பி எழுதியது.

இதன் பின்னர் வந்த நியமனங்களை ஒரே தராசில் நிறுத்தலாகாது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் காலத்தில் திறைசேரிச் செயலாளரான ஆர். பாஸ்கரலிங்கம் அரச சேவையில் வளர்ந்தவர். அதேவேளை, பிரேமதாசா வீடமைப்பு அமைச்சை வைத்திருந்த காலந்தொட்டு அவரோடு இணைந்து பணிபுரிந்தவர். அவர் சேவையின் மனிதரா, தலைவரின் மனிதரா என்று கேட்டால் இரண்டுமே என்றுதான் விடை கூறவேண்டும். 2002இல் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் சட்டத்தரணியான சரித ரத்வத்தையை அப்பதவிக்குக் கொணர்ந்தது. கலாநிதி பி. பி. ஜயசுந்தரவின் வரலாறு இன்னும் சிக்கலானது. அரச நிறுவனமொன்றின் விற்பனை தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் 2008 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதகமான தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து அவர் பதவி விலகி, இனி அரச பதவி வகிப்பதில்லை என்ற உறுதிமொழியையும் நீதிமன்றத்துக்கு வழங்கினார். மறு ஆண்டு அதே நீதிமன்றம் அவ்வுறுதிமொழியிலிருந்து அவரை விடுவித்தது. ஜனாதிபதி மீண்டும் அவரைத் திறைசேரிக்கு அழைத்தார். 2015 வரை அவர் அங்கிருந்தார். அக்காலம் முழுவதும் நிதியமைச்சராக இருந்தவரும் ஜனாதிபதியே என்பது மனங்கொள்ளத்தக்கது. நியமிப்பவரும், கட்டளையிடும் அமைச்சரும், அரசாங்கத்தின் தலைவரும் ஒருவராகிவிட்டபின் செயலாளர் யாரிடம் சென்று 'இல்லை' என்பார்?

இவ்விடத்தில் ஒரு பொதுவான கருத்தை மறுக்கவேண்டியுள்ளது. கட்சிக்காரரை நியமித்தால் கேடு, நிபுணரை நியமித்தால் நன்மை எனப் பலர் எண்ணுகின்றனர். 2019 முதல் 2022 வரையான நிகழ்ச்சிகள் இவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. 2019 டிசெம்பர் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் நீக்கப்பட்டன. அரசிறை வீழ்ந்தது, பன்னாட்டுக் கடன் சந்தை நாட்டுக்கு மூடப்பட்டது, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டு இடைவெளியை நிரப்பியது. அப்போது திறைசேரிச் செயலாளராயிருந்த எஸ். ஆர். ஆட்டிகல கட்சி அரசியல்வாதி அல்லர்; மத்திய வங்கியிலிருந்து வந்தவர். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக நிதியமைச்சு அறிவித்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர் பொறுப்பேற்ற மகிந்த சிறிவர்தனவும் மத்திய வங்கியிலிருந்தே வந்தவர். ஒரே பாசறையில் பயின்ற இருவருள் ஒருவர் சரிவின் காலத்திலும் மற்றவர் மீட்பின் காலத்திலும் அதே நாற்காலியில் இருந்தனர். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றில், பொருளாதாரச் சீரழிவுக்கு வழிவகுத்து மக்கள் நம்பிக்கையை மீறியவர்களாக ராஜபக்ச சகோதரர்கள் மூவரையும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களையும், ஆட்டிகல, ஜயசுந்தர ஆகியோரையும் குறிப்பிட்டது. அமைச்சர் சொன்னதைச் செய்தேன் என்பது உத்தியோகத்தர்க்கு முழுமையான கவசமாகாது என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகின்றது. ஆனால் தீர்ப்பு வந்தது, எரிபொருள் வரிசைகளும் மருந்துத் தட்டுப்பாடும் நிகழ்ந்து முடிந்த பின்னரே.

ஆகவே மனிதர் எங்கிருந்து வருகிறார் என்பதைவிட, வந்தபின் மறுத்துரைக்கக்கூடிய நிலையில் இருக்கின்றாரா என்பதே முதன்மையானது என்பது எமது துணிபு. எமது நிர்வாக மரபின் மூலவூராகிய பிரித்தானியாவில் அந்நிலை நாம் எண்ணுமளவு உறுதியாக இல்லை என்பதும் 2022இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பதவியேற்ற புதிய அரசாங்கம் ஓரிரு நாள்களிலேயே திறைசேரியின் நிரந்தரச் செயலாளர் டொம் ஸ்கொலரை நீக்கியது. 23ஆம் திகதி நிதியமைச்சர் குவாட்டெங் கடன்பட்டு வரி குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்; கடன் பத்திரச் சந்தை ஆட்டங்கண்டது; ஒக்டோபர் 14இல் குவாட்டெங்கும் நீக்கப்பட்டார். செயலாளர் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று எவராலும் நிறுவ முடியாது. எனினும் 'நிரந்தர' என்ற சொல் பெயர்ப் பலகையில் இருந்தும் அவரைக் காக்கவில்லை.

2025 ஜூனில் எமது நாட்டில் நிகழ்ந்த நியமனம் இவ்வரலாற்றில் ஒரு புதிய கட்டமாகும். தேசியப் பட்டியல் பாராளுமன்ற உறுப்பினராகவும் நிதிப் பிரதியமைச்சராகவும் இருந்த கலாநிதி ஹர்ஷண சூரியப்பெரும அப்பதவிகளைத் துறந்து நிதியமைச்சின் செயலாளராக நியமிக்கப்பட்டார். பதவி துறந்த பின்னரே நியமனம் நடந்தமையால் சட்டம் மீறப்பட்டதென்று கூற இடமில்லை. அவரது தகைமையும் ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரியதன்று. நோக்கற்பாலது வேறொன்று. அமைச்சின் செயலாளர் அதன் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தராவார். செலவழிந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவின் முன் விடை கூறவேண்டியவர் அவரே. அண்மை வரை ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவர், அதே வரிசையினர் பெரும்பான்மையாயுள்ள பாராளுமன்றத்தின் குழு முன் சாட்சியாக அமரும்போது, கேள்வியின் கூர்மை எவ்வளவு எஞ்சும்? முன்னைய அரசாங்கங்கள் தமக்கு வேண்டியவரை நியமித்தபோதும், சேவை, வங்கி, சட்டத்தொழில் என்னும் ஏதோவொரு வெளிவாசலூடாகவே அழைத்தனர். அமைச்சர் வரிசையிலிருந்து நேரே அழைத்தமைதான் புதிது. இதனைச் செய்தது பழைய அரசியற் கலாசாரத்தை மாற்றுவோம் என்று மக்களாணை பெற்று வந்த அரசாங்கம் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

எம்மைப் போன்ற கலைப்பீட மாணவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. எம்முட் பலர் நிர்வாக சேவைப் பரீட்சையை நோக்கியே இரவு விழித்துப் படிக்கின்றோம். அப்பரீட்சை திறக்கும் பாதை எந்தப் படி வரை செல்கின்றது, எந்தப் படியில் வேறொரு கதவு தொடங்குகின்றது என்பதை அறியும் உரிமை எமக்குண்டு.

நெருக்கடியின் பின் சில சீர்திருத்தங்கள் வந்தன. 2022இல் நிறைவேறிய 21ஆம் திருத்தம் மத்திய வங்கி ஆளுநரின் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தை அவசியமாக்கியது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் வழங்குவதைத் தடைசெய்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வங்கியின் சபையிலிருந்த திறைசேரிச் செயலாளரின் ஆசனத்தையும் அகற்றியது. பணத்தை வெளியிடுபவர் பக்கத்தில் இவ்வாறு வேலி இடப்பட்டது. செலவழிப்பவர் பக்கத்தில், திறைசேரிச் செயலாளரின் நியமனம் பேரவையின் முன் செல்லவேண்டுமென 2001இன் 17ஆம் திருத்தமும் கூறவில்லை, 2022இன் திருத்தமும் கூறவில்லை.