வழிப்பயணத்தில் பால் கலவா உணவு: ஆற்றுப்படை முதல் ரயிலடி வரை

தமிழகத்தில் குடும்பத்தோடு வெளியூர் செல்பவர்களில் புலால் உண்ணாதவர்கள், 'சுத்த சைவம்' என்ற பலகையைக் கண்டதும் நிம்மதியாக உணவகத்துக்குள் நுழைவார்கள். பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கிய குடும்பத்துக்கு அந்தப் பலகை பாதி வழிக்குத்தான் துணை வரும். வெண்பொங்கலில் நெய் இருக்கும். சாம்பார் சாதத்தின் மேல் ஒரு கரண்டி நெய் விழும். சில கடைகளில் சட்னியிலும் தயிர் கலப்பதுண்டு. குழந்தை ஆசையாகக் கேட்கும் முறுகல் தோசையின் பெயரிலேயே நெய் இருக்கும்.

விலங்குகளிடமிருந்து பெறும் எதையும் உண்ணாத இந்த முறையைத் தமிழில் நனிசைவம் என்று குறிப்பிடுகிறார்கள். 'வீகன்' என்ற சொல்லும் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தனிச் சங்கம் தொடங்கியபோது உருவாக்கிய சொல் அது. கொள்கை புதிதாக இருக்கலாம். பால் படாத உணவை உண்டு வழி நடந்தவர்கள் தமிழ்நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே இருந்தார்கள். அவர்கள் கொள்கைக்காக அப்படி உண்ணவில்லை. கிடைத்ததை உண்டார்கள், கெடாததைக் கட்டிக்கொண்டு போனார்கள். அப்படியானால் வழியில் விற்கும் சைவ உணவில் பாலும் நெய்யும் இவ்வளவு இடம் பிடித்தது எப்படி?

பாணர் குடும்பம் உண்டவை

குடும்பத்தோடு பயணம் செய்தவர்கள் வழியில் என்ன உண்டார்கள் என்பதைக் கூறும் பழைய தமிழ் நூல்களில் முதன்மையானது பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான இதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், பசித்த சுற்றத்தோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக நூல் அமைந்துள்ளது. எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதே அந்த வழிகாட்டலின் பெரும்பகுதி.

எயினர் குடியிருப்பில் சிவந்த சோற்றுடன் உடும்புக் கறி கிடைக்கும். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும் கிடைக்கும். மருத நிலத்து உழவர் வெண்சோற்றுடன் கோழிக்கறி தருவார்கள். கடற்கரைப் பட்டினத்தில் பன்றி இறைச்சியும் கள்ளும் உண்டு. அந்தணர் வீட்டில் புலால் இல்லை. அங்கே மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்துத் தருவார்கள், மாங்காய் ஊறுகாயும் உண்டு. புலால் விலக்கிய வீட்டில் வெண்ணெய் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சேர்க்கை மாறவில்லை.

இந்தப் பட்டியலில் பால் படாத உணவு இரண்டு இடங்களில் வருகிறது. முல்லை நிலத்து உழவர் வீட்டில் வரகுச் சோற்றுடன் அவரைப் பருப்பு வேகவைத்துத் தருகிறார்கள். தோப்புகளுக்கு நடுவே தனித்தனி வீடுகளில் வாழும் தண்டலை உழவரிடம் பலாச்சுளை, இளநீர், வாழைப்பழம், நுங்கு எல்லாம் கிடைக்கின்றன. இனிப்பு திகட்டிவிட்டால் சேம்பின் கிழங்கை உண்ணலாம் என்கிறான் பாணன். இன்றைய நனிசைவக் குடும்பம் அந்த வழியே போயிருந்தால் தண்டலை உழவர் வீட்டில்தான் தங்கியிருக்கும்.

கட்டுச்சோறு

வழியில் உண்ண எடுத்துச் செல்லும் உணவுக்கு ஆற்றுணா, பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு எனப் பல பெயர்கள் உண்டு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் வாடிய அப்பருக்கும், திருக்குருகாவூருக்குச் சென்ற சுந்தரருக்கும் சிவபெருமானே பொதிசோறு கொண்டுவந்து தந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வழியில் சோறு கிடைப்பது அவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது என்பதை இக்கதைகளிலிருந்து ஊகிக்கலாம்.

கட்டுச்சோற்றின் தலைமை புளியோதரைக்கே. கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய், வெந்தயம், மிளகாய், பெருங்காயம் இவற்றில் ஒன்றுகூட விலங்கிலிருந்து வந்ததல்ல. புளியின் அமிலமும் உப்பும் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. வெகுநேரம் காய்ச்சுவதால் நீர் வற்றிவிடுகிறது. எண்ணெய் சோற்றைச் சுற்றிப் படிந்து அது உலர்ந்துபோகாமல் காக்கிறது. அதனால் மறுநாளும் உண்ண முடிகிறது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்கும் ஏறத்தாழ இதே காரணம்தான். வாழையிலையிலோ பாக்கு மட்டையிலோ கட்டினால் பாத்திரச் சுமையும் இல்லை.

தயிர்ச்சோறும் கட்டுச்சோறுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதைப் பயணத்துக்கு எடுத்துச் செல்வதற்குத் தனிப் பக்குவம் தேவைப்பட்டது. சோற்றில் பாலை நிறைய ஊற்றிச் சிறிது தயிரை மட்டும் விட்டுப் பிசைவார்கள். உண்ணும் நேரத்துக்குள் அது தயிராகிவிடும். கோடையில் கணக்குத் தவறினால் புளித்துவிடும். மூட்டையில் முதலில் காலியாக வேண்டியது அதுதான். இரண்டாம் நாளுக்கு நின்றது புளிச்சோறு.

கட்டுச்சோற்றைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் வண்டி கட்ட வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் நள்ளிரவுக்குப் பின் எழுந்து அடுப்பு மூட்டினார்கள். ஊருக்குப் போகிற மகிழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு புகையும் தூக்கமின்மையும். மற்றொன்று சாதி. பிறர் கையால் சமைத்ததை உண்ணக் கூடாது என்ற கட்டுப்பாடும் அந்த மூட்டைக்குள் இருந்தது.

சத்திரமும் நெய்யும்

தஞ்சை மராத்திய அரசர்கள் இராமேசுவரம் செல்லும் சாலையில் பல சத்திரங்களை அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜியின் காலத்தில் எழுந்த ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது. 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறை விளக்கப்பட்டிருக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் சமைக்காமலே தரப்பட்டன. அறம் செய்த இடத்திலும் சமைத்த கை எது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகவே இந்த ஏற்பாடு இருந்தது.

காசி யாத்திரை போன தமிழ்க் குடும்பங்கள் வடக்கே இந்தக் கேள்விக்கு வேறொரு விடையைக் கண்டன. அங்கே நீரில் வெந்த உணவு 'கச்சா', நெய்யில் பொரித்த உணவு 'பக்கா'. கச்சா உணவைத் தன் சாதியாரிடமோ உயர்ந்தவராகக் கருதப்பட்டவரிடமோ மட்டுமே ஏற்கலாம். பக்கா உணவுக்குக் கட்டுப்பாடு தளர்வு. பசுவிடமிருந்து வந்த நெய் தீட்டைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே கடைவீதியில் யாரும் வாங்கி உண்ணக்கூடியவையாக நெய்ப் பூரியும் பால் இனிப்புகளும் நிலைபெற்றன. பால் கலவாத உணவை வடநாட்டு வழிக்கடைகளில் தேடுபவர்கள் இன்றும் படும் பாட்டுக்கு இது ஒரு பழைய காரணம். சுவைக்காக மட்டும் அங்கே நெய் ஊற்றப்படவில்லை.

ரயிலடியும் பெயர்ப்பலகையும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி ஓடியது. நாட்கணக்கில் நடந்த தூரம் மணிக்கணக்கில் சுருங்கியது. நிலையங்களில் உணவு விடுதிகள் வந்தன. அவற்றில் பிராமணருக்கு ஓர் இடம், 'இதரர்' என்று எழுதி மற்றவர்களுக்கு ஓர் இடம். ஒரே சமையலறையில் வெந்த ஒரே இட்லியை உண்ணவும் இரண்டு வாசல்கள். பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக ரயில் நிலையங்களில் இந்தப் பிரிவினை 1941-இல் நீங்கியது. நகரத்து உணவகங்களின் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்குப் பிறகும் இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் 1957-இல் பெரியார் தொடங்கிய மறியல் அடுத்த ஆண்டுவரை நீடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இறுதியில் பலகை மாறியது.

இந்த வரலாறு தெரிந்தால்தான் 'உயர்தர சைவ உணவு' என்ற தொடரில் 'உயர்தர' என்பது எதைக் குறித்தது என்று விளங்கும். புலால் இல்லை என்பதோடு, சமைப்பவரும் பரிமாறுபவரும் யார் என்ற குறிப்பும் அதில் மறைந்திருந்தது. உயர்வுக்கு அடையாளமாகக் காட்டத்தக்க பொருள்கள் நெய்யும் பசும்பால் காப்பியும்தான். காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் பெருமையாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கடுங்காப்பி வீட்டிலும் தோட்டத்திலும் குடிக்கும் ஏழைக் காப்பி ஆனது. விருந்தினருக்குக் கொடுப்பது பால் காப்பி.

உடுப்பியிலிருந்து வந்தவர்கள் நடத்திய உணவகங்கள் இந்தச் சுவையைச் சாலைகள்தோறும் பரப்பின. அவற்றை வெறும் சாதிக் கடைகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பெண்கள் குழந்தைகளோடு அமர்ந்து உண்ண 'குடும்ப அறை' வைத்தவை இத்தகைய கடைகளே. நள்ளிரவு அடுப்பிலிருந்து பெண்களுக்கு விடுதலை கிடைத்ததும் இங்கேதான். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1937-இல் சந்தைக்கு வந்த டால்டா என்னும் வனஸ்பதி, விலை குறைவு என்பதால் நெய்யின் இடத்தைப் பல சமையலறைகளில் பிடித்துக்கொண்டது. நெய் என்று நம்பி உண்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலே தாவர எண்ணெயை உண்டார்கள். உடலுக்கு அதனால் நன்மை ஏதுமில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

பாலை விட்ட பயணி ஒருவர்

பாலைக் கொள்கையாகவே விலக்கி ஊர் ஊராகச் சுற்றியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் 1912-இல் காலன்பாக்கும் அவரும் பாலை விட்டார்கள். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று உணவு அமைந்தது. ஆலிவ் எண்ணெயைத் தவிர மற்றவை இந்திய ரயிலடிகளிலும் வாங்கக்கூடியவை. பாலுக்காக மாடுகளைத் துன்புறுத்தும் முறைகளை அறிந்தபின் அந்த முடிவு விரதமாக உறுதிப்பட்டது. 1918-இல் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து உடல் தேறாமல் கிடந்தபோது, விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்கு இல்லையே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. காந்தி ஏற்றார், அந்த உறுத்தல் கடைசிவரை அவரிடம் இருந்தது. பருப்பும் எண்ணெயும் செரிக்காத நோயாளிக்குப் பாலுக்கு மாற்றாக என்ன தருவது என்று அன்றைய மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை.

பால் பெருகிய பின்

1970-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃபிளட்' திட்டம் நாட்டின் பால் வரத்தைப் பெருக்கியது. அரிதாக இருந்த பால் மலிவானது. இன்று தமிழக நெடுஞ்சாலை உணவகங்களில் குவிந்திருக்கும் பன்னீர் வகைகள் நம் பாட்டிமார் அறியாதவை. 'சைவ உணவு என்றாலே பால்தான்' என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அல்ல. அதில் பெரும்பகுதி இந்த அரை நூற்றாண்டில் சேர்ந்தது.

சட்டமும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. பொட்டல உணவுகளில் கட்டாயமான பச்சைப் புள்ளி, பாலையும் பால் பொருள்களையும் சைவமாகவே கணக்கிடுகிறது. அதனால் பிஸ்கட் உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தாக வேண்டும். நனிசைவ உணவுக்கென்று தனி விதிமுறைகள் 2022-இல்தான் வந்தன. பச்சைப் புள்ளியிலிருந்து வேறான தனி முத்திரையும் கிடைத்தது. ஆனால் இலையில் பரிமாறும் சோற்றுக்கு முத்திரை கிடையாது. அங்கே வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். 'பால் சேர்த்திருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும், ஏனெனில் பரிமாறுபவர் நெய்யைப் பாலாக நினைப்பதில்லை. நெய், தயிர், மோர், வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதே பயன் தரும். எண்ணெயில் வார்த்த தோசை, இட்லி, இடியாப்பம், உளுந்து வடை, சுண்டல் ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆப்பத்துக்கு ஊற்றுவது தேங்காய்ப்பாலா பசும்பாலா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோயில் பிரசாதங்களிலும் இந்தப் பிரிவு தெரியும். பெருமாள் கோயில் புளியோதரை பெரும்பாலும் நல்லெண்ணெயில் ஆனது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் சேரும். தென்மாவட்ட ரயில் பாதையில் போகும் குடும்பத்துக்கு இன்னும் சுவையான சோதனை காத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பெயரிலேயே ஒதுங்கிக்கொள்ளும். திருநெல்வேலி அல்வாவில் ஊற்றும் பால் கோதுமைப் பால்தான், ஆனால் அதைக் கிண்டுவது நெய்யில். இரண்டுக்கும் நடுவே கோவில்பட்டியில் வண்டி நிற்கும்போது, கடலையும் வெல்லப்பாகும் மட்டும் சேர்ந்த கடலைமிட்டாய் கிடைக்கும்.