ஒரு முகம் மட்டும் உள்ள பெட்டி

1937 ஜூலையில், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோவுக்கு 'கொரனேஷன்' என்றொரு ரயில் ஓட ஆரம்பித்தது. ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய வருஷம், அதனால் அந்தப் பெயர். 393 மைலை 6 மணி நேரத்தில் கடந்தது. அந்த வேகத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நாம் அதன் வாலைப் பார்ப்போம்.

கோடைக்காலத்தில் அந்த ரயிலின் கடைசியில் ஒரு தனிப் பெட்டியைச் சேர்ப்பார்கள். பின்பக்கம் கண்ணாடியோடு சரிந்து இறங்கும். பீவர் என்ற விலங்கின் வால் மாதிரி இருப்பதால் 'பீவர் டெய்ல்' என்றே அதற்குப் பெயர். உள்ளே சொகுசு நாற்காலிகள். பின்னால் ஓடி மறையும் தண்டவாளத்தையும் ஊர்களையும் பார்த்தபடி போகலாம். ரயில் கிளம்புவது மாலை 4 மணிக்கு. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் கோடைக்கு மட்டும்.

சரி, ரயில் போய்ச் சேர்ந்தாயிற்று. திரும்பி வருவது எப்படி?

சாதாரணப் பெட்டிக்கு முன், பின் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும். அப்சர்வேஷன் பெட்டி அப்படி இல்லை, அதற்கு ஒரே ஒரு முகம்தான். தண்டவாளம் முடிந்துபோகும் ஒரு முனைய நிலையத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் உள்ளே வந்து நிற்கும்போது, இன்ஜின் தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணாடிப் பெட்டி வெளிப்பக்கக் கோடியில், வந்த வழியைப் பார்த்தபடி நிற்கும். மறுபடி கிளம்பும்போது எல்லாம் தலைகீழ். இன்ஜின் வெளிப்பக்கம் வரவேண்டும், கண்ணாடிப் பெட்டி தடுப்புக்கட்டைப் பக்கம் போகவேண்டும். போனால் மட்டும் போதாது, முகத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும். இன்ஜினை மட்டும் மாற்றினால், காசு கொடுத்து உட்கார்ந்தவர் வழியெல்லாம் இன்ஜினின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்.

அதனால், பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு வேலை தொடங்கும். காலி ரயிலை யார்டுக்கு இழுத்துப் போகவேண்டும். கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி, ஒரு ஷன்டிங் இன்ஜின் அதை டர்ன்டேபிளுக்குக் கொண்டுபோகும். பெட்டியின் எல்லாச் சக்கரமும் மேடைக்குள் அடங்கவேண்டும். எடை நடுவில் விழும்படி நிறுத்தினால்தான் மேடை லேசாகச் சுழலும். திருப்பிய பெட்டியை மறுகோடியில் கோர்த்து, பிரேக் குழாயை மாட்டி, முழு ரயிலையும் மறுபடி பிளாட்பாரத்துக்குத் தள்ளவேண்டும். இந்த ஊரில் ஒரு தடவை, அந்த ஊரில் ஒரு தடவை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நின்று கொக்கி மாட்டியவர்களுக்கு ஜன்னலும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

யுத்தம் வந்ததும் 1939இல் கொரனேஷன் நின்றுபோனது. யுத்தத்துக்குப் பிறகு, 1947இல் லண்டன் வாட்டர்லூவிலிருந்து 'டெவன் பெல்' வந்தது. அதன் கண்ணாடிப் பெட்டி இல்ஃப்ரகோம்ப் என்ற கடற்கரை ஊர் வரை போகும். அங்கே ஸ்டேஷன் இருந்தது ஊருக்கு மேலே, மலைச்சரிவில். அங்கிருந்த டர்ன்டேபிளில்தான் பெட்டியைத் திருப்பினார்கள். 1954 கோடையோடு அந்த ரயிலும் நின்றது.

அமெரிக்காவில் வேறு வழி. பெட்டியைத் திருப்புவானேன், ரயிலையே திருப்பிவிடலாமே? 1913இல் திறந்த நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் பூமிக்கடியில் வளையப் பாதைகள் போட்டார்கள். பென்சில்வேனியா ரயில்வே தன் ரயில்களை ஆற்றைத் தாண்டி சன்னிசைட் யார்டுக்குக் கொண்டுபோய், அங்குள்ள வளையத்தில் சுற்றி அழைத்து வந்தது. வளையத்தில் ஒரு சுற்று வந்தால் இன்ஜின், பெட்டிகள், வால் எல்லாம் சேர்ந்தே திரும்பிவிடும். எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் அதற்கு இடம் வேண்டும், பணமும் வேண்டும்.

பிரிட்டனில் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை, டர்ன்டேபிள் பரவலாக இருந்தது. ஆனால் அதைக் கட்டியது வேடிக்கை பார்க்கும் பயணிக்காக இல்லை. நீராவி இன்ஜினுக்கும் ஒரு முகம்தான், அதைத் திருப்பக் கட்டினார்கள். கண்ணாடிப் பெட்டி அந்த ஏற்பாட்டில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது.

1956 முதல் பழைய பீவர் டெய்ல் பெட்டிகளை ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் பாதையில் ஓட்டினார்கள். 1959இல் அவற்றின் பின்பக்கத்தை மாற்றிக் கட்டி, கண்ணாடியைப் பெரிதாக்கினார்கள். ஏனென்றால் அந்த அழகான சரிவு உள்ளே இருப்பவரின் பார்வையைத்தான் மறைத்தது! வெளியிலிருந்து பார்க்கச் செய்த அழகு அது. மலையும் ஏரியும் நன்றாகத் தெரிய ஆரம்பித்த அதே காலத்தில் டீசல் இன்ஜின்கள் வந்துவிட்டன. டீசலுக்கு இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை உண்டு, திருப்ப வேண்டியதில்லை. அப்புறம் டர்ன்டேபிள் எதற்கு? ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயிலில் நீராவி முடிந்தது. கண்ணாடிப் பெட்டிகளும் அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஓய்ந்தன. கார்கள் பெருகியது, ரயில்வேயின் நஷ்டம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், ஒரே ஒரு பெட்டிக்காக மட்டும் டர்ன்டேபிளையும் ஷன்டிங் ஆட்களையும் வைத்துக் காப்பாற்ற எந்தக் கணக்கும் இடம் தராது.

டெவன் பெல்லின் 14ஆம் எண் பெட்டி 1969இல் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' இன்ஜினோடு அமெரிக்கா போய், சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்கிவிட்டது. 2007இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது. அதற்குள் இல்ஃப்ரகோம்ப் பாதையை மூடி 37 வருஷம் ஆகியிருந்தது. வாட்டர்லூவில் ஏறி இல்ஃப்ரகோம்ப் போக இன்று ரயில் இல்லை. பெட்டியைத் திருப்பிய அந்த மேடையும் இல்லை.