உலு திராமில் தலைக்கணக்கும் கூரைக்கணக்கும்

ஓர் ஊரின் சரித்திரம் எழுதப் புகுவோர் முதலில் அரசர் பெயர்களைத் தேடுவர். உலு திராமுக்கு அவ்வழி உதவாது. 'உலு' எனும் மலாய்ச் சொல் ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கும். 'திராம்' என்பது சிப்பி. ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றோரங்களில், தெமெங்கோங் இப்ராகீமிடம் அநுமதிப் பத்திரம் பெற்ற சீனக் கங்சுக்கள் காடழித்து மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகு தீர்ந்தால் தோட்டமும் இடம் பெயரும். அக்குடிசைகளுக்கு ஆயுள் குறைவு. 1917-ல் கங்சு முறை ஒழிந்தது. அதற்கு முன்னரே ரப்பர் புகுந்துவிட்டது; அதனோடு நம்மவரும் புகுந்தனர்.

1911-ல் ஜொகூரின் ஜனத்தொகை ஏறத்தாழ 1,80,000. 1931-லோ 5,05,000. இப்பெருக்கத்தின் பெரும்பகுதி கப்பலேறி வந்ததாகும். மலாயா முழுவதிலும் 1921-ல் இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்குப் பெண்டிர் நானூறு பேர் அளவே. 1947-ல் அறுநூறுக்கு மேல். வாசகர் இவ்விலக்கத்தை விரைந்து கடத்தலாகாது. ஆரம்பத்தில் லயம் என்பது அறைகளை வரிசையாகக் கோத்த நெடுங்கொட்டகை. தனியாட்கள் படுத்தெழ அது போதும். பிள்ளை பெற்று வளர்க்கப் போதுமோ? பெண்கள் வந்த பின்னரே ஆயாக் கொட்டகையும், பள்ளிக்கூடமும், லயத்துப் புறத்தே முருங்கையும் தோன்றின. தங்குமிடம் ஊராயிற்று.

எனினும் கூரை வேலைக்குக் கட்டுண்டதே. 1920-களின் இறுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாய் இருந்தது. ரப்பர் விலை சரியவே கூலி குறைந்தது. 1930 முதல் 1932 வரை மலாயாவினின்று ஒன்றரை லட்சம் இந்தியருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போன போதே வீடும் போயிற்று. 1950-களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தும் இதே கதை. தொழிலாளரிடம் சிறு தொகைகள் திரட்டித் தோட்டம் வாங்கவென்று, 1960-ல் வீ. தி. சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் கண்டது இதனாலேயே.

இன்று உலு திராம் ஜொகூர் பாருவின் புறநகர். கித்தா மரம் நின்ற மேடுகளில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் ஏறிவிட்டன. தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீர், விளக்கு, இடவளவு முதலியவற்றை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வீடு யாருடையது என்பதை அது தொடவில்லை.

நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதே நம் பிழைப்பு. அதில் வந்த நாளுக்குக் கட்டமுண்டு, எடைக்குக் கட்டமுண்டு. சென்ற ஆண்டு மூதாட்டி ஒருவர், மலிவு வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டி, தாம் இங்கேயே வாழ்ந்தவர் என்று ஒரு தாள் கேட்டு வந்தார். பழைய ஏடுகளைப் புரட்டினோம். பால் வெட்டிய ஆண்டுகள் அனைத்தும் கிடைத்தன. அவர் பிறந்து வளர்ந்த ஆண்டுகளும், வேலை நின்ற பின் அதே லயத்தில் கழித்த ஆண்டுகளும் எங்கும் பதிவாகவில்லை. இருந்ததை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். தாளை வாங்கிப் பார்த்தவர், "இவ்வளவுதானா, ஐயா?" என்றார்.