சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

1787இல் சென்னையில் வந்திறங்கிய ஆண்ட்ரூ பெல், கல்கத்தாவுக்குப் போக வேண்டியவர். ஸ்காட்லாந்தில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்த பாதிரியார். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கப்பல் உடைந்தும் தப்பிப் பிழைத்தவர். சென்னை பிடித்துப்போகவே இங்கேயே தங்கிவிட்டார். இரண்டு வருடத்தில், எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி அவர் பொறுப்புக்கு வந்தது. பிள்ளைகளால் தொல்லையில்லை. வாத்தியார்கள்தான் தலைவலி.

சம்பளம் சொற்பம். பாடம் நடத்தக் கொஞ்சம் பழகியதும் நல்ல சம்பளம் தேடி ஓடினார்கள். ஓடாதவர்கள் பெல் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போன பெல், வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளைகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதச் செலவில்லை, மையில்லை. தப்பானால் கையால் ஒரு தடவு, மறுபடி எழுத்து. நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய சங்கதி, பெல்லுக்குப் புதையலாகத் தெரிந்தது. விடுதிக்கு வந்த வேகத்தில், ஆரம்ப வகுப்பு வாத்தியாரை மணலில் எழுத்துச் சொல்லித்தரச் சொன்னார். அதெல்லாம் நடக்காது என்று கைவிரித்துவிட்டார் வாத்தியார்.

பெல் விடவில்லை. வகுப்பைத் தூக்கி ஜான் ஃப்ரிஸ்கன் கையில் கொடுத்தார். ஜான், ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன், வயது எட்டு! பொடியன் ஜமாய்த்துவிட்டான். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகப் பார்த்த வேலைதான். ஆனால் பெல் அதை ஒரு திட்டமாகவே ஆக்கினார். விடுதி முழுக்கப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே வாத்தியார். 1796இல் ஊர் திரும்பியவர், மறுவருடம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் பரவியது. அதற்குள் அங்கே ஒரு போட்டியாளர் முளைத்துவிட்டார்.

ஜோசப் லங்காஸ்டர் 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கினார். பெரிய கூடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், மற்றதெல்லாம் சட்டாம்பிள்ளைகள். யார் முதல் என்று இரு கட்சிக்கும் ஒரே சண்டை. பெல் பக்கம் ஆங்கிலிக்கன் சபை நின்றது, லங்காஸ்டர் பக்கம் அதில் சேராத சபைகள். வீம்புக்குக் கட்டியே பள்ளிகள் பெருகின. படிப்பு? பத்து வயதுப் பையன் தனக்குத் தெரிந்ததைத்தானே ஒப்பிக்கவைக்க முடியும்! முறையின் சாயம் வெளுத்துக்கொண்டிருந்தபோது, நார்ஃபோக்கில் ஒரு வாத்தியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது.

அது ஓர் ஏழைகள் விடுதிப் பள்ளி. வாத்தியார் படுத்த படுக்கையானதும், வில்லியம் ரஷ் என்ற 13 வயது மாணவன் தானாகவே வகுப்பை எடுத்து நடத்தினான். விஷயம் அங்கே அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் கே காதுக்கு எட்டியது. பையனைக் குறைசொல்லிப் பயனில்லை, அவனுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று யோசித்தார் கே. 1846இல் அது சட்டதிட்டமாகவே வந்தது: 13 வயதில் மாணவ ஆசிரியர், ஐந்து வருடப் பயிற்சி, வருடாவருடம் ஆய்வாளரின் தேர்வு. முதல் வருடம் 10 பவுண்டு, ஐந்தாம் வருடம் 20 பவுண்டு. தேறியவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சிக் கல்லூரி. முடிவில் கையில் ஒரு தாள். அது இருந்தால் அரசு கூடுதல் சம்பளம் தரும். அந்தத் தாள் சும்மா இருக்குமா? கப்பலேறியது.

1854இல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை, இங்கிலாந்தில் நடப்பதைப் போலவே இந்தியாவிலும் ஆசிரியர்களைப் பழக்கிச் சான்றிதழ் கொடுக்கச் சொன்னது. 1856இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. பின்னாளில் அதுதான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. சென்னையிலிருந்து போன சரக்கு, முத்திரை குத்தி சென்னைக்கே திரும்பிய கதை! எல்.டி., பி.டி. என்று பெயர் மாறி இன்று வீட்டுக்கு வீடு பிரேம் போட்டு மாட்டியிருக்கும் பி.எட். சான்றிதழ் இதன் வாரிசு. கடைசி பெஞ்சில் நோட்டுடன் விரிவுரையாளர் உட்கார்ந்திருக்க, கரும்பலகை முன்னால் வியர்க்கும் பயிற்சி ஆசிரியரும் இந்த வம்சம்தான்.

1910இல் அந்தச் சைதாப்பேட்டைக்கு ஓர் இளைஞர் எல்.டி. படிக்க அனுப்பப்பட்டார். மாநிலக் கல்லூரியில் ஏற்கெனவே தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவர். ஆனாலும் விதி விதிதான். உளவியல் வகுப்பில் அவருக்குத் தெரிந்ததைப் பார்த்த பேராசிரியர், நீரே சக மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். அந்த விரிவுரைகள் 1912இல் புத்தகமாகவும் வந்தன. சைதாப்பேட்டையின் அந்தச் சட்டாம்பிள்ளை, சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.