இடியைத் திருடிய கதை

ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிக்கும் நம்மவர்க்கு, ஒருவனுடைய இடியை மற்றொருவன் திருடிவிட்டான் என்னும் வழக்கு அவ்வப்போது எதிர்ப்படும். வானத்து இடியை எவன் எங்ஙனம் திருடக்கூடும் என்று சிலர் மயங்குவர். ஒருவன் பாடுபட்டுத் தேடிய கருத்தையோ புகழையோ பிறனொருவன் முந்திக்கொண்டு தனதாக்கிக் கொள்வதே இதன் பொருளாகும். இவ்வழக்கில் முழங்கும் இடி இந்திரன் விடுத்ததன்று. மனிதன் தன் அறிவினால் ஆக்கியதேயாம்.

ஜான் டென்னிஸ் என்பார் இங்கிலாந்தில் வாழ்ந்த நாடகாசிரியர். நூல்களின் குணங்குற்றங்களை அஞ்சாது எடுத்துரைத்தவர். அவர் இயற்றிய ‘ஆப்பியஸும் வர்ஜீனியாவும்’ என்னும் நாடகம் 1709ஆம் ஆண்டு லண்டனில் ட்ரூரி லேன் நாடகசாலையில் அரங்கேறிற்று. மரப் பள்ளத்தில் இரும்புக் குண்டுகளை உருட்டி இடியோசை எழுப்புவது போன்ற முறைகள் இருக்கவும், டென்னிஸ் தம் நாடகத்துக்கெனப் புதிய முறையொன்றைக் கண்டுபிடித்தார். நாடகமோ மக்கள் மனத்தைக் கவரவில்லை, சின்னாளில் நிறுத்தப்பட்டது. பின்னொருநாள் அங்கே ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைக் காணச் சென்றவர், தமது இடியே முழங்கக் கேட்டுக் கொதித்தெழுந்து, என் நாடகத்தைத் தள்ளியவர்கள் என் இடியை மட்டும் திருடிக்கொண்டனரே என்று கூவினாராம். அவர் மறைந்த பின் எழுந்த நூல்கள் கூறும் இச்செய்தியே அவ்வழக்கிற்கு மூலம் என்பர்.

1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆங்கிலச் சட்டம், புதிய நூலை அச்சிடும் உரிமையை 14 ஆண்டுகளுக்கு ஆசிரியனுக்கு அளித்தது. நாடகத்தை மேடையில் நடிப்பிக்கும் உரிமையோ 1833ஆம் ஆண்டில்தான் அவனுக்குக் கிடைத்தது. நாடகம் எழுதியவனுக்கே மேடையில் காவலில்லாத காலத்தில், இடி செய்தவனுக்காகப் பரிந்து பேசுவார் யார்?

டென்னிஸ் முதுமையில் வறுமையால் வாடினார். 1733ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குப் பொருள் திரட்டும்பொருட்டு ஒரு நாடகம் நடத்தப்பெற்றது. முன்னர் அவரைத் தம் கவியில் எள்ளி நகையாடிய அலெக்ஸாண்டர் போப் என்னும் புலவரே அதற்கு முகவுரைப் பாட்டு எழுதித் தந்தார். அடுத்த மாதமே டென்னிஸ் காலமானார்.

இன்று அவர் நாடகத்தைப் படிப்பார் அரியர். அவர் பெயரால் நிலைத்த வழக்கைப் பேசுவோரிலும் அப்பெயரை அறிந்தவர் சிலரே. முதலில் இடி போயிற்று. பிறகு பெயரும் போயிற்று. எத்தொழிலிலும் உழைப்பவன் ஒருவன், பாராட்டைப் பெறுபவன் வேறொருவன் என்னும் நிலை இருக்கும்வரை இவ்வழக்கிற்கு வேலை குறையாது. செய்தவன் பெயரைச் சொல்லி அவன் செய்ததன் பயனைக் கொள்ளுதலே அறிவுடைய சமூகத்தின் நீதி என்பது நமது துணிபு.